பென்சில் துளை

என் இலக்கு அட்டையில் ஐந்து துளைகள் இருந்தன. மூன்று, குண்டு போட்டவை. மற்ற இரண்டும் நான் போட்டவை, சட்டைப்பையில் இருந்த பென்சிலால். 1986-ல் நடந்த சங்கதி. அந்த அட்டையின் பலத்தில்தான் எங்கள் கல்லூரி சார்பாக என்.சி.சி. துப்பாக்கி சுடும் தேர்வு முகாமுக்குப் போனேன். நியாயப்படி போயிருக்க வேண்டியவன், தினமும் என்னோடு சைக்கிள் மிதித்து வந்த திருவானைக்கோவில்காரன்.

அந்த ஒரு முகாமை வைத்து வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் அப்பா, "பையன் ரைஃபிள் ஷூட்டர்" என்றார். நான் மறுக்கவில்லை. வங்கியில் புதிதாக வந்த மேலாளர்களிடம் நானே சொல்லிக்கொண்டேன். உத்திர வீதி வீட்டு மாடியில் குரங்குகள் வடாம் தட்டைக் கவிழ்த்துப் போட்டால்கூட, "கையில் ஒரு ரைஃபிள் இருந்தால்…" என்று ஆரம்பித்துவிடுவேன். ஒரே ஒரு கூட்டத்தின் முன்னால் மட்டும் வாயைத் திறந்ததில்லை. திருச்சி அருகே நவல்பட்டில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. குழாயில் கண் வைத்துப் பார்த்தே கோணல் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் இருக்கும் திண்ணையில் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவேன்.

ஏமாற்றுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 25 கெஜம் தள்ளி ஒரு மண்மேடு, 'பட்' என்போம். அதன்முன் மரச்சட்டத்தில் அட்டை. தரையில் படுத்து, மணல் மூட்டைமேல் கையை வைத்து, .22 டீலக்ஸ் ரைஃபிளில் ஐந்து ரவுண்டு. எல்லோரும் சுட்டு முடித்து, போல்ட்டைத் திறந்து காலி என்று காட்டி, எங்கள் பயிற்சியாளரான உஸ்தாத் விசில் ஊதிய பிறகு, அவரவர் அட்டையை அவரவரே போய் எடுத்துவர வேண்டும். பெயரும் எண்ணும் எழுதுவதற்காக எல்லோர் பையிலும் பென்சில். என் அட்டையில் மூன்று துளைகள் நெருக்கமாக, பார்க்க லட்சணமாக இருந்தன. மீதி இரண்டைக் காணோம். அட்டையைக் கழற்றக் குனிந்தால் முதுகு உஸ்தாத் பக்கம். இரண்டு குத்து, அவ்வளவுதான்.

ஈயக் குண்டு துளைத்த இடத்தில் ஓரமாக ஒரு சாம்பல்நிற வளையம் படியும். பென்சில் கரியும் அதே நிறம். அட்டைக்குப் பின்னால் இருந்த தட்டியை யாராவது பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதில் மூன்றே ஓட்டைதான். யாரும் பார்க்கவில்லை. துளைகளின் நெருக்கத்தை அளக்கும் கம்பி வளையத்தை உஸ்தாத் அட்டைமேல் வைத்தார். ஐந்தும் உள்ளே அடங்கின. "ஷாபாஷ்!" என்றார். திருவானைக்கோவில்காரனின் ஐந்தும் உண்மையான துளைகள், ஆனால் கொஞ்சம் சிதறல். வளையத்துக்கு வெளியே ஒன்று நின்றது. இடம் ஒன்றுதான் இருந்தது.

அன்று மாலை கொள்ளிடம் பக்கம் சைக்கிளில் போகும்போது அவன் என்னைத் தோளில் தட்டிப் பாராட்டினான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த காலம். கோபுரம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டே போனோம்.

அந்த இரண்டு குண்டுகள் ஏன் காணாமல் போயின என்பது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். விசையில் விரல் அழுந்தும் கடைசிக் கணத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு கண்ணையும். தோள் முன்னால் எகிறும், விரல் வெடுக்கென்று இழுக்கும். எல்லாத் தடவையும் இல்லை, அதுதான் கோளாறே. ஐந்தில் மூன்று தப்பித்துவிடும்.

பாடம் தெரியாதவன் இல்லை நான். உஸ்தாத் வடக்கத்திய ஹவில்தார். நல்ல ஃபயருக்கு மூன்று உசூல் என்று தினமும் எங்களைக் கத்த வைப்பார்: மஸ்பூத் பக்கட், துருஸ்த் ஷிஸ்த், சஹி ட்ரிகர் ஆபரேஷன். உறுதியான பிடி, நேரான குறி, விசையைச் சரியாக இழுப்பது. ஒப்பிப்பதில் நான்தான் முதல். புரியாதவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வதும் நான்தான். பின்னால் உள்ள பேக்சைட் ஓட்டையின் நடுவில் குழாய் முனையில் உள்ள ஃபோர்சைட்டின் நுனி, அதற்கு மேல் இலக்கு. மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. அதனால் ஃபோர்சைட்டை மட்டும் கூர்ந்து பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்பேன். காரணமும் சொல்வேன். துப்பாக்கி மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். இரண்டு சைட்டுக்கும் நடுவே அதே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இரண்டுக்கும் அறுபது சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 25 கெஜத்தில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் விலகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

பக்கத்தில் படுத்திருந்த திருவானைக்கோவில்காரன் ஒருநாள், "டேய், சுடறப்ப கண்ண மூடுற" என்றான். அவனோடு சண்டை போட்டேன். ரைஃபிள் பழசு, ரவுண்டு ஈரம், வெயில் கண்ணைக் கூசுகிறது. காரணத்துக்கா பஞ்சம்?

பழைய பட்டாளத்தில் பிறந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று தோன்றும். 1752-ல் ழாக் லா என்பவரின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் தங்கியிருந்து, கடைசியில் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸிடம் சரணடைந்தது. அந்தக் காலத்துச் சிப்பாய்களின் மஸ்கட்டில் குழாயின் உட்புறம் வழுவழுப்பு. பேக்சைட் என்று ஒன்றே கிடையாது. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவார்கள். யார் குண்டு யார்மேல் பட்டது என்று யாருக்கும் தெரியாது. எனக்கென்றே செய்த ஆயுதம். குழாய்க்குள் திருகலாகப் பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகவைத்த ரைஃபிள்கள் படைகளில் பரவிய பிறகுதான், தப்பு துப்பாக்கியுடையதா ஆளுடையதா என்று கேட்க முடிந்தது.

முகாமில் கேட்டார்கள். அங்கே அட்டையை எடுக்கத் தனியாக ஆட்கள் இருந்ததால் பென்சிலுக்கு வேலையில்லை. முதல் நாள் என் அட்டையில் இரண்டே துளைகள். ரைஃபிள் ஜீரோ ஆகவில்லை, சைட் சரியில்லை என்றேன். அங்கிருந்த பயிற்சியாளர் பதில் பேசாமல் அதே ரைஃபிளை வாங்கிப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டார். ஐந்தும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரிக்குத் திரும்பி நான் சொன்னது: "சிபாரிசு இருக்கறவங்களத்தான் எடுத்தாங்க." பென்சிலைவிட இந்த ஒரு வாக்கியம்தான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது. அங்கே ஒழுங்காகச் சுட்டு ஜெயித்தவர்களையும் திருடர்களாக்கிவிட்டேன்.

காணாமல் போன குண்டுகளைத் துளை குறைந்ததாக மட்டுமே நினைத்திருந்தேன். அவை எங்கோ போயிருக்க வேண்டும் என்று யோசித்ததில்லை. .22 குண்டு சுண்டுவிரல் நகத்தளவு. தடுக்க ஒன்றுமில்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும். எங்கள் மைதானத்தில் மண்மேடு இருந்தது, பிழைத்தோம். 2021 டிசம்பர் 30 அன்று, திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் நார்த்தாமலை அருகே உள்ள சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து வந்த குண்டு வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. பதினோரு வயது. சில நாட்களில் இறந்துபோனான். அந்தச் செய்தி வந்த வாரம் டீக்கடையில் எல்லோரும் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள், 'ஷூட்டர்' ஆயிற்றே. வழக்கமாக நீட்டி முழக்குகிறவன், தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் திருந்தவில்லை. ஆறேழு மாதம்கூட ஆகவில்லை. 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் 47-வது மாநில துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டார், பதக்கங்களும் வாங்கினார். அவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஊரே திணறியது. அந்த வாரம் முழுக்க எனக்குத் திரும்பவும் யோகம். பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் என்ன வித்தியாசம், மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வகுப்பெடுத்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, எனக்குக் கத்துக்கணும். நீங்களும் வாங்க."

நகரில் ஒரு பயிற்சிக்கூடத்தில் அவனைச் சேர்த்தேன். பயிற்சி கொடுப்பவர் என் மகள் வயதுப் பெண். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். பையன் போட்டுக் கொடுத்திருப்பான் போல. "அங்கிள் பழைய ஷூட்டராமே, ஒரு பத்து ஷாட் போடுங்க" என்று ரைஃபிளை நீட்டிவிட்டார்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள். காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் போகும். இலக்கின் எல்லா வளையங்களும் சேர்ந்தே நாலரை சென்டிமீட்டர்தான் இருக்கும். நடுவில் இருக்கும் பத்து என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. பெரிய போட்டிகளில் அறுபது ஷாட்டை 75 நிமிடத்தில் நின்றுகொண்டே சுட வேண்டும். முக்கியமானது இதுதான்: உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, சத்தமும் 'டப்' என்பதோடு சரி. பயப்பட எதுவுமே இல்லை. அப்படியும் என் கண் மூடியது.

மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பெல்லட்டைத் தானே போட்டுக் கொடுக்கிறேன் என்றார். சில தடவை போட்டார், சில தடவை போடுவதுபோல் பாவனை செய்து வெறும் குழாயைக் கொடுத்தார். எது எது என்று எனக்குத் தெரியாது. வெறும் குழாயில் விசையை இழுத்தபோது குழாயின் முனை சட்டென்று தலை குனிந்தது. கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். பிறகு செல்போனில் என் முகத்தைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். விசை விடுபடுவதற்கு முன்பே இமை இறங்கிவிடுகிறது. "சத்தத்துக்கு இல்ல அங்கிள். ஸ்கோருக்கு" என்றார்.

உஸ்தாத் காலத்தில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம், வெடிச் சத்தம். இங்கே அது செல்லுபடியாகவில்லை. என்ன விழப்போகிறது என்று பார்க்கப் பயந்துதான் அந்தக் கண் மூடிக்கொண்டிருக்கிறது. குண்டு கிளம்பும்வரை எல்லாம் சரியாகவே இருக்கலாம், நானும் நல்ல ஷூட்டராகவே இருக்கலாம். கிளம்பிய பிறகு அது முடியாது.

அடிப்படையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். கையின் பலத்தில் பிடிக்கக் கூடாது, எலும்பில் வைக்க வேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார, ஐந்து கிலோவுக்கு மேல் போகும் ரைஃபிளின் பாரம் கால் வழியாகத் தரைக்கு இறங்கும். தசையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நடுங்கும். உஸ்தாத் சொன்ன மஸ்பூத் பக்கட் தோளில் உதைக்கும் பட்டாளத் துப்பாக்கிக்கு. இங்கே உறுதி என்றால் இறுக்கம் கிடையாது. இதை என் தோளுக்குப் புரியவைக்க வெகுகாலம் பிடித்தது. நிற்கும் நிலை சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குறி வைத்தபின் கண்ணை மூடி, ஒன்றிரண்டு தடவை மூச்சு விட்டு, திற. குழாய் இலக்கைவிட்டு நகர்ந்திருந்தால் கையால் தள்ளிச் சரி செய்யாதே, பாதத்தை மாற்றி வை. கண்ணை மூடச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் தேறினேன். மூச்சைப் பாதி விட்டு, தானாக நிற்கும் அந்த ஏழெட்டு விநாடிக்குள் விசை விடுபட வேண்டும். தாண்டினால் கண் மங்கும், துப்பாக்கியை இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறக்குவதற்கு மனசு வராது. எத்தனையோ ஏழு மதிப்பெண்கள் அப்படி இறக்க மனமில்லாமல் சுட்டவை.

சுட்ட பிறகும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். பெல்லட் இலக்கைத் தொட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனாலும் நிற்க வேண்டும். நின்று, விசை விடுபட்ட கணத்தில் ஃபோர்சைட் வளையம் எங்கே இருந்தது என்று பார்த்தபடி, மதிப்பெண் காட்டும் திரையைப் பார்க்கும் முன்பே சொல்ல வேண்டும்: "ஒன்பது, வலது கீழ்." ஷாட்டைக் 'கால்' செய்வது என்பார்கள். பார்த்தவனுக்குத்தான் சொல்ல முடியும். நான் பார்க்காதவன். அதனால் ஓரக்கண்ணால் திரையை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, யோசிப்பதுபோல் நடித்துச் சொன்னேன். கொஞ்ச நாளில் மேடம் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அப்போது கற்பனையில் சொல்ல ஆரம்பித்தேன். நான் "வலது" என்றால் துண்டை விலக்கும்போது இடது பக்கம் ஏழில் இருக்கும்.

இன்னும் ஒன்று. ஒவ்வொருவரும் டைரியில் தன் ஷாட்டுகளைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஒருநாள் தங்கை மகன் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். "மாமா, அன்னிக்கு எட்டு புள்ளி நாலுதானே வந்துச்சு? ஒம்போது நாலுன்னு எழுதிருக்கீங்க." மின்னணு இலக்கில் யாரும் ஓட்டை போட முடியாது. நோட்டில் போட முடிந்திருக்கிறது, அதுவும் பென்சிலால்தான். போட்டி இல்லை, பதக்கம் இல்லை, முகாம் இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. தலை நரைத்த பிறகு ஒருவன் எதற்காக அப்படி எழுதுவான் என்று பையன் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அவன் கேட்கவில்லை. கடலூரில் பிறந்து உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவனின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவன். நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ச் சுட ஆரம்பித்தான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றைப் பற்றி நான் கதை கதையாகச் சொல்வேன். கடைசி ஷாட்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹாக்கினனும் சமம். இவர் 10.8, அவர் 9.7. 'என்ன நெஞ்சுரம்' என்று முடிப்பேன். இப்போது அந்தச் சுற்றின் வீடியோவை ஓடவிட்டால், ஷாட் முடிந்த பிறகும் பிந்த்ரா அசையாமல் ரைஃபிளைப் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தைத்தான் பார்க்கிறேன்.

மேடம் கடைசியில் கண்டுபிடித்த வைத்தியம், மின்னணு இலக்குக்குப் பதில் ஒரு காகித இலக்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியது. வெறும் வெள்ளை. கறுப்பு வட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை, எங்கே பட்டாலும் சரி. விசை விடுபடும்போது ஃபோர்சைட் என்ன செய்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விசை விடுபட்டதும் வளையம் மெல்ல மேலே எழும்பி, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது அது. அட்டையை முன்பக்கம் திருப்பி மாட்டியதும் இமை திரும்பவும் இறங்க ஆரம்பித்தது. இன்றைய நிலவரம், பாதிக்குப் பாதி. நோட்டை இப்போது பேனாவில் எழுதுகிறேன், பையன் சரிபார்க்கிறான்.

பாக்கி இருந்தது திருவானைக்கோவில்காரன். பெல் (BHEL) நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று அதே வீட்டில்தான் இருக்கிறான். வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம். சென்ற மாதம் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் வரக் காத்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அந்தக் காலேஜ் அட்டைல ரெண்டு ஓட்டை நான் போட்டதுடா."

"எதால?"

"பென்சிலால."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தோசை வந்தது. விண்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்: "கேம்ப்ல எவ்ளோ அடிச்ச?"

"அஞ்சுல ரெண்டுதான் அட்டைல பட்டுச்சு."

அப்போதுதான் கோபம் வந்தது அவனுக்கு. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "எடத்தத் திருடினவன், அங்க போயாவது ஒழுங்கா சுட்டிருக்க வேணாமாடா? கண்ண மூடுற, கண்ண மூடுறன்னு அன்னிக்கே சொன்னேனே!"

தன் தோசைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனான்.